பாதி முகத்துக்குப் பாரிஸ் பவுடர்

போன மாதம் நம் பள்ளித் தோழிகள் கூடியபோது நீங்கள் என்னை மூலையில் நிறுத்திக் கேட்ட கேள்விக்கு நான் சிரித்து மழுப்பிவிட்டேன். காலையில் போட்ட மேக்கப் சாயங்காலம் குல்ஃபி சாப்பிடும்வரை எனக்கு மட்டும் எப்படிக் கலையாமல் இருந்தது என்று கேட்டீர்கள். நாற்பதை நெருங்கிவிட்டோம். முட்டி வலிக்கும் தலைச் சாயத்துக்கும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொள்கிறோம், இதை மட்டும் நான் ஒளித்து வைத்திருப்பதாக ஒருத்தி கோபித்துக்கொண்டாள். ஒளிக்கவில்லை. என் முகத்தில் வழிகிற எண்ணெய் உங்களுக்குத் தெரியாததா? ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் என் நெற்றி மட்டும் பல்பு போட்டதுபோல இருக்கும். அந்த முகத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கிற வித்தையை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கோடை விடுமுறை இருக்கிறது. அதை விட்டுவிட்டு வித்தையை மட்டும் சொன்னால் என் அத்தை என்னைச் சும்மா விடமாட்டாள்.

தங்கக் கடைகள் ஊரெங்கும் அட்சய திருதியை போஸ்டர் ஒட்டத் தொடங்கியிருந்த காலம் அது. அதற்கு முன்னால் அப்படி ஒரு நாள் இருப்பதே நம் வீடுகளில் யாருக்கும் தெரியாது. திடீரென்று எல்லோருக்கும் அன்றைக்குக் குந்துமணி அளவாவது தங்கம் வாங்கியே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. நேரு வீதியில் புதிதாகத் திறந்த ஒரு நகைக்கடையில் அந்த சீசனுக்காக மட்டும் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். அதில் என் அத்தையும் ஒருத்தி.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. முத்தியால்பேட்டையில் சிமெண்ட் ஷீட் போட்ட எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அத்தை நான்கு பேர். அப்பா மில் தொழிலாளி. மில் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ஓடாத நாளில் அப்பா வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருப்பார். தங்கையைச் சீக்கிரம் ஒரு நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்பது அவருக்கு இருந்த ஒரே கவலை. அத்தைக்கு இருந்த ஒரே ஆசை வேறு. திருதியை முடிந்ததும் சீசன் பெண்களை அனுப்பிவிடுவார்கள், தேறியவர்களை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். அந்தத் தேறியவர்களில் ஒருத்தியாக வேண்டும் என்று அவள் தவம் கிடந்தாள்.

கணக்கு நன்றாகப் போடுவாள். வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசுவாள். எல்லாம் இருந்தும் அவளை மாடியில், பின்பக்கம், வெள்ளிக் கொலுசு கவுண்டரில் நிறுத்தியிருந்தார்கள். காரணம் முகம். அவளுக்கு லட்சணமான முகம்தான். ஆனால் எங்கள் அப்பா வழியில் எல்லோருக்கும் இருக்கிற அதே எண்ணெய் முகம். காலையில் பவுடர் போட்டுப் போவாள். கடையில் நகைக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்ன சூடான விளக்குகள். பதினோரு மணிக்குள் பவுடர் திட்டுத்திட்டாகப் பிரிந்து, மூக்கோரம் சாம்பல் பூத்து, மை கன்னத்துக்கு இறங்கிவிடும். கடையில் பெண்களை மேய்க்கிற மேடம் ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னாராம், "இங்க நகைதான் மின்னணும். மூஞ்சி மின்னக் கூடாது."

அதை வந்து வீட்டில் சொன்னபோது அத்தை சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் பின்பக்கம் போய் முகத்தை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்து வந்த வாரங்களில் எங்கள் வீடு ஒரு ஆராய்ச்சிக்கூடம் ஆனது. கடலை மாவு, முல்தானி மட்டி, எலுமிச்சை, தக்காளி எல்லாம் குழம்புக்குப் போகாமல் அத்தை முகத்துக்குப் போயின. அம்மா எண்ணெய்ப் பதார்த்தத்தை நிறுத்தினால் முகத்து எண்ணெய் நின்றுவிடும் என்று முடிவு கட்டி, வீட்டில் எல்லோருக்கும் வடையையும் பஜ்ஜியையும் ரத்து செய்தாள். அத்தை முகத்துக்காக நான் எதற்கு இட்லி மாத்திரம் தின்ன வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வரும். அத்தையோ நாளெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவக் கழுவ எண்ணெய் இன்னும் வேகமாகச் சுரந்தது. தோல் காய்ந்துபோனால் அதுவாகவே இரண்டு மடங்கு எண்ணெய் விடும் என்பது இன்றைக்கு நம் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு எங்களுக்கு எண்ணெய் ஒரு எதிரி, அவ்வளவுதான். அடித்து விரட்டப் பார்த்தோம்.

எங்கள் தெருவில் ஒரு பிரெஞ்சு பென்ஷன் வீடு இருந்தது. அந்த வீட்டு ஐயா அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் மனைவியைத் தெருவே மதாம் என்றுதான் கூப்பிடும். அவர்கள் வீட்டில் பெரிய ஃபிரிட்ஜ் இருந்ததால் முகத்தில் ஒத்தடம் கொடுக்க ஐஸ் கட்டி வாங்க நான் கிண்ணத்தோடு போவேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். மதாம் உள்ளே போய், பாரிஸிலிருந்து மகள் அனுப்பிய ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். தங்க நிற மூடி, உள்ளே குட்டிக் கண்ணாடி, திறந்ததும் ரோஜாவும் வெண்ணெயும் கலந்ததுபோல ஒரு வாசனை. இன்றைக்கும் எந்தக் கடையிலாவது அந்த வாசனை வந்தால் நின்றுவிடுவேன். டப்பா எங்கே தொலைந்தது என்று தெரியவில்லை.

பாரிஸ் பவுடர் வந்ததும் எங்கள் கவலை தீர்ந்தது என்றே நினைத்தோம். ஆனால் அத்தை எதையும் சோதிக்காமல் நம்பமாட்டாள். லீவு நாளில் முகத்தை இரண்டாகப் பிரித்துச் சோதிப்பது என்று முடிவு செய்தாள். வலது பாதிக்குப் பாரிஸ் பவுடர், தாராளமாக, அடுக்கடுக்காக. இடது பாதிக்கு நம் ஊர்ச் சரக்கு: வேர்க்குருவுக்குப் பூச மருந்துக்கடையில் விற்கிற கேலமைன் லோஷன் மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மேலே மாநிற பவுடர். அந்த மாநிற பவுடர் ஃபேன்சி ஸ்டோரில் யாரும் வாங்காமல் தூசி படிந்து கிடந்தது. வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் நிறத்துக்கு இரண்டு படி வெளுப்பாகத்தான் கேட்பார்கள் என்று கடைக்காரர் சொன்னார். அதுவும் ஒரே ஒரு சின்ன டப்பாதான் இருந்ததால் அத்தை ஈர ஸ்பாஞ்சில் தொட்டு, சிக்கனமாக, அழுத்தி அழுத்தி வைத்தாள். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பாரிஸ் தோற்குமா?

அத்தையின் லீவு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அப்படி ஒரு கோலத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைச் சூட்டுக்குச் சமமாக இருக்கட்டும் என்று அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் ஆரஞ்சு பிளாஸ்டிக் விளிம்பு வைத்த வட்டக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். நெற்றி நடுவிலிருந்து மூக்கு வழியாகத் தாடை வரை நேர்க்கோடு. ஒரு பக்கம் அத்தை, இன்னொரு பக்கம் வெள்ளைக்காரி.

அப்போதுதான் பாகூர் பக்கத்து அம்மா வந்து நின்றார். அத்தைக்காக அப்பா பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் அம்மா அவர். நிலம் நீச்சு உள்ள குடும்பம். பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்த சொந்தக்காரரைப் பார்க்க வந்தவர், பெண் பார்க்கிற மாதிரி இல்லாமல் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். அம்மா, "வாங்கக்கா" என்று கரண்டியோடு ஓடிவந்தாள். அத்தை மரியாதைக்குச் சட்டென்று எழுந்து நின்றாள். அந்த அம்மா அத்தையின் முகத்தை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தார். காபி வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார்.

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இப்படியா நிற்பாய், ஒரு துண்டையாவது எடுத்து முகத்தை மூடக் கூடாதா என்று திட்டினாள். அத்தை அழுதாள். சத்தமில்லாமல், ரொம்ப நேரம் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் கண்ணாடி பிடிக்கிற உத்தியோகத்தை நான் விடவில்லை. அழுகிற முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த எனக்கு ஒன்று கண்ணில் பட்டது.

"அத்த, இந்தப் பக்கம் அப்படியே இருக்குது."

பாரிஸ் பாதி குழைந்து, வரிவரியாகக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. கேலமைன் பாதியில் கண்ணீர் உருண்டு போன தடம்கூட இல்லை. அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். இடது கன்னத்தைத் தொட்டாள், விரலைப் பார்த்தாள். அழுகை பாதியில் நின்றுவிட்டது.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. சில நாளில் தரகர் வந்தார். பெண்ணுக்கு முகத்தில் வெண்படை பற்றியிருக்கிறதாம், வேறு இடம் பார்த்துக்கொள்கிறார்களாம். தரகர் அதை அப்பாவிடம் சொன்னதோடு நிற்கவில்லை. தெருவில் குழாயடிவரை அது போய்விட்டது. என்னோடு பாண்டி ஆடுகிற பெண்களே, உங்க அத்தைக்கு அது ஒட்டுமா என்று கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா சாப்பிடவில்லை. அத்தையைக் கூப்பிட்டார். "திருதியை வரைக்கும் வரேன்னு கடையில வாக்கு குடுத்துட்ட, போ. அதோட நிறுத்திக்கோ. கேக்கறவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியல."

"கடையில என்ன நிரந்தரமா வச்சிக்கிட்டாங்கன்னா?"

"வச்சிக்க மாட்டாங்க. உன் மூஞ்சி மதியத்துக்கு மேல தாங்காது."

"தாங்கிட்டா?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் துடைத்த இடத்தில் உடனே எண்ணெய் மறுபடி பூத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோபத்தில் பேசுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். மில் ஓடாத மாதத்தில், தங்கைக்கு வந்த ஒரு வரனும் தட்டிப்போன வாரத்தில், ஒரு மனுஷன் எவ்வளவு பயந்திருப்பார் என்று இந்த வயதில்தான் புரிகிறது. பயந்தவர்கள் வீட்டில் இருக்கிறவர்களிடம்தான் கறாராகப் பேசுவார்கள்.

அன்றிலிருந்து அத்தைக்குக் கணக்கு திருதியை நாள் ஒன்றுதான். அந்த ஒரு நாளில் முகம் நின்றால் வேலை. நிற்காவிட்டால் அடுத்த தரகர்.

கேலமைன் பாதி கலையவில்லையே தவிர, நேரம் ஆக ஆகப் பளபளப்பு வரத்தான் செய்தது. அதற்குக் கடையிலேயே வழி கிடைத்தது. நகையை மடித்துக் கொடுக்கிற ரோஸ் தாள் உங்களுக்கு நினைவிருக்கும், வெங்காயச் சருகுபோல மெல்லிசாக இருக்கும். கிழிந்த துண்டு ஒன்றை அத்தை எடுத்து நெற்றியில் ஒற்றிப் பார்த்திருக்கிறாள். எண்ணெயைக் குடித்துவிட்டது, பவுடர் அப்படியே நின்றது. சந்தோஷத்தில் முகமெல்லாம் ஒற்றியிருக்கிறாள். வியர்வை பட்டதும் தாளின் சாயம் இறங்கி, ஒரு கன்னம் மட்டும் சிவந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பதறிப்போய், "யாரு அடிச்சது?" என்றாள். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். முதலில் கைக்குட்டையால் வியர்வையை எடுக்க வேண்டும், அப்புறம்தான் காய்ந்த முகத்தில் தாள் என்று அடுத்த நாளே கண்டுபிடித்துவிட்டாள். எதிலும் துடைக்கக் கூடாது, ஒற்ற மட்டும்தான் வேண்டும்.

திருதியை அன்று விடிவதற்கு முன்பே எழுந்தோம். இனி நீங்கள் கேட்ட பதில் வருகிறது, காதைக் கொடுங்கள். சோப்பு ஒரே தடவை. முகம் தானாகக் காயும்வரை மின்விசிறிக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருந்தாள். மதாம் வீட்டு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு சுற்று. கேலமைன், விரலில் ஒட்டுகிற அளவு, அதுவும் காய வேண்டும். அவசரப்பட்ட நான் விசிறியை எடுத்து வீசினேன். அப்புறம் அந்த மாநிற பவுடர், ஈர ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து, நெற்றியிலும் மூக்கிலும் தாடையிலும் அழுத்தி வைத்தாள். கன்னத்துக்குப் பட்டும் படாமலும்தான். கண்ணுக்கு மேல் இமையில் மட்டும் மை, கீழே வைக்கவில்லை. உதட்டுக்குச் சாயம் போட்டு, தாளில் ஒற்றி, மறுபடி போட்டாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மேக்கப் போட்ட மாதிரியே இல்லை. அத்தை அத்தை மாதிரிதான் இருந்தாள், நன்றாகத் தூங்கி எழுந்த அத்தை. இடுப்பில் ரோஸ் தாள் துண்டுகளைச் செருகிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போன அப்பா என்னையும் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து அழைத்துப்போனார். நேரு வீதியில் கால் வைக்க இடமில்லை. கடை வாசலில் பந்தல் போட்டு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமே நின்றுவிட்டார். நான் கூட்டத்தில் புகுந்து மாடிப்படி ஏறி, கொலுசு கவுண்டருக்குப் போனேன். அத்தை அங்கே இல்லை. முகம் கலைந்து, அழுதுகொண்டு எங்காவது உட்கார்ந்திருப்பாள் என்றே நினைத்தேன்.

கீழே இறங்கி வரும்போதுதான் பார்த்தேன். வாசலுக்கு நேரே, முதல் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தாள். கதவு மூடவே முடியாத கூட்டத்தில் ஏசி கைவிட்டுவிட்டது. முன்வரிசைப் பெண்களின் முகமெல்லாம் வழிந்து மை கரைந்ததும், மேடம் மதியத்துக்கு மேல் அவளைக் கீழே கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். காலையில் நான் பார்த்த அதே முகம். நான் நெருங்கிப் போவதற்குள் அவளுக்கு எதிரே மூக்குத்தி பார்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். பாகூர் பக்கத்து அம்மா.

"நீ அந்த மில்லுக்காரர் தங்கச்சி இல்ல?"

"ஆமாம்மா. உட்காருங்க."

அந்த அம்மா உட்காரவில்லை. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, கவுண்டருக்கு மேலே கையை நீட்டி, அத்தையின் வலது கன்னத்தை ஒரு தேய் தேய்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை முகத்தை விலக்கவில்லை. அவர் விரலைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். உள்ளே வெளுப்பு எதுவும் இல்லை.

"அன்னிக்கு இந்தப் பக்கம் வெள்ளையா இருந்துதே."

"அது பாரிஸ் பவுடரும்மா. எது நிக்குதுன்னு சோதிச்சிகினு இருந்தேன்." சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து ஒரு ரோஸ் தாளை எடுத்து, அவர் தேய்த்த இடத்தில் ஒற்றிச் சரிசெய்துகொண்டாள்.

அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நாங்கள்தான் அவசரப்பட்டுவிட்டோம், அண்ணனிடம் மறுபடி வந்து பேசுகிறோம் என்று சொல்லிப் பார்த்தார். அத்தை கோபப்படவும் இல்லை, சந்தோஷப்படவும் இல்லை. மூக்குத்தியை வெல்வெட் துணியில் திருப்பி வைத்து, திருகு சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றாள். அவர் பார்த்தார். பணம் கட்டப் போனவர் நாலு அடி போய்த் திரும்பி வந்தார்.

"எம் பொண்ணுக்கும் இதே மூஞ்சிம்மா. எண்ணெ வழியுது. வர மாசம் நிச்சயம் வச்சிருக்கோம். நீ இன்னா போடற, சொல்லேன்."

அத்தை கேலமைனிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியில் தன்னிடம் இருந்த தாள்களில் பாதியை மூக்குத்திப் பெட்டியோடு வைத்துக் கொடுத்தாள். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். இன்றைக்கும் மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் உங்களுக்குச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன்.

வேலை முடிந்து அத்தை வெளியே வந்தபோது மேடம் வாசல்வரை வந்து, நாளையிலிருந்து கீழ் கவுண்டர்தான், நேரத்துக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்ப்பக்கத்திலிருந்த அப்பாவுக்கு அது கேட்டிருக்காது. நாங்கள் தெருவைக் கடந்து போனோம். அப்பா அத்தையின் முகத்தைக் கடை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மறுபடி கழுவிட்டுப் போட்டியா?"

"இல்லண்ணா. காலைல போட்டதுதான்."

அப்பாவின் முகம் வழிந்துகொண்டிருந்தது. வழக்கம்போலத் துண்டை எடுத்தார். அத்தை துண்டைப் பிடித்துக்கொண்டாள். கைக்குட்டையால் அவர் நெற்றி வியர்வையை எடுத்து, மிச்சம் இருந்த ரோஸ் தாளை அதன்மேல் வைத்து மெல்ல அழுத்தினாள். "துடைக்கக் கூடாதுண்ணா. ஒத்தணும்." தாளை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள். எண்ணெய் குடித்த தாள் வழியாக எதிர்க்கடைப் பலகையைப் படிக்க முடிந்தது.

அப்பா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். நம் வீட்டு எண்ணெய்தானே என்று முணுமுணுத்தார். சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக் கேட்டார்.

"நாளிக்கு எத்தினி மணிக்குக் கொண்டாந்து விடணும்?"

அத்தை அழுதாள். அந்தக் கூட்டத்தில், அத்தனை வெளிச்சத்தில், அண்ணன் முன்னால் நின்று தாராளமாக அழுதாள். நான் பழக்கத்தில் அண்ணாந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கமும் கலையவில்லை, அந்தப் பக்கமும் கலையவில்லை.